டெர்பியில் ஒரு ராஜினாமா

1973-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி சனிக்கிழமையன்று, இங்கிலாந்தின் மத்தியப் பகுதியிலுள்ள டெர்பியில், பேஸ்பால் கிரவுண்ட் என்னும் விளையாட்டரங்கிலே லெஸ்டர் அணியுடனான பந்தயத்துக்காகக் கூடியிருந்த ஜனத்திரளின் நடுவே, சில நாட்களுக்கு முன்புதான் பதவியைத் துறந்திருந்த ஒரு மனிதர் பார்வையாளர் மாடத்தில் தோன்றி, ஆரவாரித்தவர்களை நோக்கிக் கையசைத்துவிட்டு, ஆட்டத்தின் முடிவைக் காண நில்லாமல் வெளியேறினார். அவர் டெர்பி கவுண்டி கால்பந்துக் கழகத்தின் மேனேஜராக இருந்த பிரையன் கிளஃப். டெர்பி கவுண்டி அன்று இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. ஆயினும் அவ்வாரத்தில் ஊரைப் பிளந்திருந்த கேள்வி வெற்றி தோல்வியைப் பற்றியதன்று, கழகம் யாருடையது என்பதே.

டெர்பி ஆடம்பரமான ஊரன்று. ரயில் பட்டறைகளையும் ரோல்ஸ்ராய்ஸ் இயந்திரத் தொழிற்சாலையையும் நம்பி வாழ்ந்த உழைப்பாளர்களின் ஊர் அது. மாவட்டத்துக் கிரிக்கெட் கழகத்தின் கிளையாக 1884-இல் தோன்றி, 1888-இல் கால்பந்து லீக் தொடங்கிய பன்னிரண்டு கழகங்களுள் ஒன்றாக விளங்கிய டெர்பி கவுண்டி, 1946-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற பத்தாண்டுகளுக்குள்ளாகவே மூன்றாம் பிரிவு வரைக்கும் சரிந்து, மீண்டும் இரண்டாம் பிரிவுக்கு ஏறி, அங்கேயே கீர்த்தியின்றி நாளைக் கழித்துக்கொண்டிருந்தது. கிளஃப்பும் அவருடைய நண்பரும் துணைவருமான பீட்டர் டெய்லரும் 1967-இல் அங்கே வந்து சேர்ந்தபோது, முழங்கால் காயத்தால் இளவயதிலேயே ஆட்டக்காரர் வாழ்வு முறிந்த கிளஃப்புக்கு வயது முப்பத்திரண்டுதான்.

அடுத்த ஐந்தாண்டுகளில் நிகழ்ந்தது, அவ்வூரார் கனவிலும் எண்ணியிராதது. டிரான்மியர் கழகத்து வாலிபர் ராய் மெக்ஃபார்லண்டை அவர் வீட்டுக்கே நள்ளிரவில் சென்று எழுப்பி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது முதலாக, ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் டெய்லரின் கண்ணும் அவர்களை இணங்கவைப்பதில் கிளஃப்பின் நாவும் ஒன்றுக்கொன்று துணையாயின. 1969-இல் இரண்டாம் பிரிவின் முதலிடம்; 1972-இல் இங்கிலாந்தின் சாம்பியன் பட்டம். அந்தப் பட்டம் வந்த விதமும் விசித்திரமானது. டெர்பி தன் கடைசி ஆட்டத்தில் லிவர்பூலை வென்றுவிட்டு, எதிரிகளின் முடிவுக்காகக் காத்திருக்க, ஆட்டக்காரர்கள் டெய்லருடன் மயோர்க்காத் தீவிலும் கிளஃப் குடும்பத்துடன் சில்லித் தீவுகளிலும் இருந்த மே 8-ஆம் தேதி இரவில், லீட்ஸ் தோற்று, லிவர்பூல் சமன் செய்ய, கோப்பை டெர்பிக்கு வந்தது. ரோல்ஸ்ராய்ஸ் திவாலாகி, வேலை நிலைக்குமோ என்று குடும்பங்கள் கலங்கிய 1971-ஐத் தாண்டிவந்த மக்களுக்கு அது வெறும் விளையாட்டுச் செய்தியாக இருந்திருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன். மறு ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் பென்ஃபிக்காவை மூன்றுக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தி அரையிறுதிவரை சென்று யுவென்டஸிடம் தோற்றார்கள்.

ஆனால் அதே காலத்தில் டைரக்டர்களின் சபையில் கசப்பு முற்றிக்கொண்டிருந்தது. தலைவர் சாம் லாங்சன், லாரிப் போக்குவரத்துத் தொழிலில் செல்வம் ஈட்டியவர், கிளஃப்பை அழைத்துவந்தவரே அவர்தாம். ஒரு காலத்தில் அவரைப் பெற்ற மகனைப்போல் பாவித்தவரும் ஆவார். தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் கிளஃப் எவரையும் விட்டுவைக்காமல் விமர்சித்ததும், டேவிட் நிஷ்ஷை 2,25,000 பவுன் என்னும் அந்நாளைய பிரிட்டிஷ் உச்ச விலைக்கு வாங்கியதுபோன்ற துணிச்சல்களும், கழகத்தின் கௌரவத்துக்கும் பணத்துக்கும் பொறுப்பேற்றவர்களை அச்சுறுத்தின. இந்த அச்சத்தை நான் அற்பமென்று தள்ளமாட்டேன். கடன் பத்திரத்தில் கையெழுத்திடுகிறவனுக்குத் தூக்கம் கெடுவது இயல்பு. அக்டோபர் 13-ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் களத்திலேயே ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்ற நாளில், ஜாக் கர்க்லண்ட் என்னும் டைரக்டர் டெய்லரை விரலசைத்துக் கூப்பிட்ட அவமதிப்பும் சேர்ந்துகொள்ள, இருவரும் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினர். சபை 16-ஆம் தேதி அதை ஏற்றுக்கொண்டது.

அதன்பின் ஊர் இரண்டுபட்டது. நாடகாசிரியர் டான் ஷா போன்றோர் முன்னின்று எதிர்ப்பு இயக்கம் ஒன்றைத் திரட்டினார்கள், பொதுக்கூட்டங்கள் நடந்தன, ஆட்டக்காரர்களே கிளஃப்பைத் திரும்ப அழைக்கவேண்டுமென்று கடிதம் எழுதிக் கையொப்பமிட்டார்கள். மறுபக்கத்தில், ஒரு மனிதருடைய நாவுக்காகக் கழகத்தைப் பலியிடலாகாது என்றும், தாமே எழுதிக்கொடுத்த ராஜினாமாவுக்குப் பிறரைக் குறைகூறலாகாது என்றும் வாதிட்டவர்களும் டெர்பியை நேசித்தவர்களே. தேர் வடம் பிடிக்கிறவர்களுக்கும் தர்மகர்த்தாக்களுக்கும் இடையே எழும் வழக்கைப் போன்றது அது. சாசனம் ஒரு பக்கம், தோள் வலி ஒரு பக்கம். என் அபிப்பிராயத்தில், சட்டப்படி டைரக்டர்கள் சரியே செய்தார்கள். ஆனால் மழையிலும் குளிரிலும் நின்று டிக்கெட் காசு கொடுத்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றாததே பெரும் பிழை.

இந்தச் சண்டையின் முழுப் பாரமும் வந்து விழுந்தது, அதில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர்மேல். அவர்தாம் டேவ் மக்காய். 1968-இல் கிளஃப்பே டாட்டன்ஹாமிலிருந்து 5,000 பவுனுக்கு அழைத்துவந்து, அணித் தலைவராக்கி, முதல் பிரிவுக்கு ஏற்றிவைக்கத் துணைகொண்ட அந்த ஸ்காட்லாந்துக்காரரை, இரண்டு முறை கால் முறிந்தும் களத்துக்குத் திரும்பிய அந்த வீரரை, டெர்பி மக்கள் தம் பிள்ளையென்றே போற்றியிருந்தார்கள். அவரையே சபை, அடுத்த ஊரான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிலிருந்து வரவழைத்துக் கிளஃப்பின் நாற்காலியில் அமர்த்தியது. பழைய அணித் தலைவரை வரவேற்பதா, புதிய மேனேஜரை வெறுப்பதா? இரண்டு உணர்ச்சியும் ஒரே நெஞ்சில் குமுறியபோது ஜனங்கள் பட்ட சங்கடம் எழுத்தில் அடங்காது. தம்மோடு ஆடியிருந்த ஆட்டக்காரர்களே தம்மை ஏற்க மறுத்துப் பயிற்சியைப் பகிஷ்கரிப்போம் என்று மிரட்டிய அந்நாட்களிலும், வெற்றி எளிதில் வாராத அந்த ஆரம்ப வாரங்களிலும், மக்காய் கிளஃப்பைத் தூற்றவுமில்லை, விலகவுமில்லை. அந்தப் பருவத்தில் அணி மூன்றாமிடம் பெற்றது. 1975-இல் லீக் பட்டத்தையே வென்றது. முக்கியமான போட்டியாளராகிய இப்ஸ்விச் மான்செஸ்டர் சிட்டியுடன் சமன் செய்த மாலையில், முன்போலவே களத்தில் இறங்காமலே டெர்பிக்குப் பட்டம் வந்து சேர்ந்தது.

அது யாருடைய பட்டம் என்ற தர்க்கம் எழுந்ததில் வியப்பில்லை. கெமில், டாட், ஹெக்டர், நிஷ் ஆகியோர் கிளஃப்பின் காலத்தில் ஆடியவர்கள்; ரியாக்கும் ஃபிரான்சிஸ் லீயும் மக்காய் தேடிக் கொணர்ந்தவர்கள். என் மனம் மக்காயின் பக்கமே சாய்கிறது. பிளந்த வீட்டைச் செப்பனிட்டவருக்கும் உரிமை உண்டு. அவரும் 1976-இல் பதவியை இழந்தார்.

1977-இல் சபை மறுபடியும் கிளஃப்பை அழைத்தது. லீட்ஸில் 44 நாட்கள் மட்டுமே தங்கிய பின், 1975 முதல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் இருந்த அவர், யோசித்துப் பார்த்து மறுத்துவிட்டார். ஃபாரஸ்ட் அடுத்த ஆண்டே லீக் சாம்பியனாகி, 1979-இலும் 1980-இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. டெர்பியோ 1980-இல் முதல் பிரிவிலிருந்து இறங்கியது.

கிளஃப் 2004 செப்டம்பர் 20-ஆம் தேதி டெர்பியிலேயே காலமானார். நினைவு வழிபாட்டைத் தேவாலயத்தில் நடத்த எண்ணியிருந்தார்கள். அங்கே இடம் போதாதென்று கண்டு, டெர்பி கவுண்டியின் புதிய களமான பிரைட் பார்க்குக்கு மாற்றினார்கள். 14,000 பேருக்குமேல் வந்தனர். ஒருவரையொருவர் பரம்பரையாக வெறுத்த டெர்பி, ஃபாரஸ்ட் ரசிகர்கள், கறுப்பு வெள்ளைக் கழுத்துத் துண்டும் சிவப்புக் கழுத்துத் துண்டுமாக, ஒரே மாடத்தில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள்.