ஊரைப் பாடிய பாட்டு: ஒப்பாரி முதல் ‘மரணத்துள் வாழ்வோம்’ வரை

1773ஆம் ஆண்டு அயர்லாந்தில் ஆர்ட் ஓலியரி என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி எய்லீன் துவ் பாடிய புலம்பல் வாய்மொழியாகவே பரவி, பின்னரே எழுத்தில் ஏறியது. இன்று ஐரிஷ் மொழியின் மிகச் சிறந்த கவிதைகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. செத்தவீட்டுப் பாட்டொன்றுக்கு ஒரு மொழி கொடுத்திருக்கும் இடம் அது. நாங்கள் எங்கள் ஒப்பாரிக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இதை ‘ஒப்புச் சொல்லி அழுதல்’ என்பார்கள். இறந்தவரின் குணம், தொழில், நட்ட மரம், கட்டிய வீடு, விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் அதில் வரும். அழுபவர் தன் பழைய துயரத்தையும் சேர்த்தே அழுவார். மக்கள் கவிமணி மு. இராமலிங்கம் போன்றோர் வடபகுதி நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் இன்று மிஞ்சியிருப்பது இன்னும் குறைவாக இருக்கும். அயர்லாந்தில் கூலிக்கு அழும் வழக்கத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை தடுத்தது. இங்கே படித்தவர்களின் வெட்கமே அந்த வேலையைச் செய்தது.

போர் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. ஒப்பாரிக்கு ஓர் உடல் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்கு ஒப்புச் சொன்னால், அவன் இறந்துவிட்டான் என்று தாய் ஒப்புக்கொண்டதாகிவிடும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் பிள்ளைகள் எங்கே என்றுதான் கேட்டார்கள். கேள்வியாகவே நிற்கும் இந்த அழுகைக்கு எங்கள் மரபில் பெயர் இல்லை.

ஊரின் மகிழ்ச்சியைப் பாடியவர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953). பனையின் பெருமையைத் ‘தாலவிலாசம்’ என்று தனி நூலாகவே பாடியவர். ஆடிக்கூழையும் கொழுக்கட்டையையும் பாடும் அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டு தெரியாமல் இங்கே ஒரு பிள்ளை வளர்வது அரிது. அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி என்று வீட்டில் உள்ளதைக் கொண்டே ஒரு கொண்டாட்டம். அதே நவாலியில், 1995 யூலை 9ஆம் திகதி, சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் விமானக் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார்கள். ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரமே இருந்தது. அந்தப் பாட்டைக் கேட்கும்போது இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருபவர்கள் நவாலியில் இன்றும் இருக்கிறார்கள்.

அளவெட்டியில் 1927இல் பிறந்த மகாகவி (து. உருத்திரமூர்த்தி) ஊர்ச்சனங்களின் பேச்சோசையைச் செய்யுளுக்குள் கொண்டுவந்தார். அயர்லாந்து நகரான லிமெரிக்கின் பெயரைத் தாங்கிய ஐந்தடிப் பாவடிவத்தைத் தழுவி அவர் எழுதிய ‘குறும்பா’ 1966இல் நூலாக வந்தது. சிரிக்கச் சிரிக்க எழுதியவர், போரைக் காணாமலே 1971இல் காலமானார்.

அவருடைய மகன் சேரனின் தலைமுறைக்கு அந்தச் சிரிப்பு வாய்க்கவில்லை. 1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டதை எழுதியவர் கல்முனையில் இருந்து வந்த எம்.ஏ. நுஃமான், கவிதையின் பெயர் ‘புத்தரின் படுகொலை’. 1985இல் சேரன், அ. யேசுராசா, இ. பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராசன் ஆகியோர் தொகுத்த ‘மரணத்துள் வாழ்வோம்’ 31 கவிஞர்களை ஒன்றுசேர்த்தது. அடுத்த ஆண்டு பெண்களின் கவிதைகள் ‘சொல்லாத சேதிகள்’ என்று வந்தன. வ.ஐ.ச. ஜெயபாலனின் ‘நெடுந்தீவு ஆச்சிக்கு’ தீவையும் ஆச்சியையும் பிரிக்கமுடியாதபடி பாடியது.

ஊர் இழந்த கதை ஒருவருடையது மட்டுமல்ல. 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம்கள் யாழ்ப்பாணத்தைவிட்டு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் இலக்கியக் கூட்டங்களில் முதலாவது பேசப்படும் அளவுக்கு இரண்டாவது பேசப்படுவதில்லை.

கவிதைகளும் தப்பவில்லை. யாழ் பல்கலைக்கழக மாணவி சிவரமணி 1991 மே மாதம் தன் உயிரை மாய்த்துக்கொள்ளுமுன் கையில் இருந்த கவிதைகளை எரித்துவிட்டார். இன்று நாம் வாசிப்பவை அச்சில் வந்திருந்தவையும் மற்றவர்கள் கையில் தங்கியிருந்தவையும்தான்.