வெந்நீருக்காக ஒரு மறியல்

1954இல் வெளிவந்த 'சால்ட் ஆஃப் தி எர்த்' படத்தின் கதையைச் சொல்பவள் எஸ்பெரான்சா. நியூ மெக்சிகோவில் துத்தநாகச் சுரங்கத் தொழிலாளியான ரமோனின் மனைவி. மெக்சிக அமெரிக்கப் பெண். இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். வெள்ளைத் தொழிலாளர் வீடுகளில் வெந்நீர்க் குழாய் உண்டு. இவள் வீட்டில் விறகு பிளந்து தண்ணீர் காய்ச்ச வேண்டும். குழாய் வசதியையும் சங்கக் கோரிக்கைகளில் சேர்க்கும்படி பெண்கள் கேட்கிறார்கள். முதலில் சுரங்கப் பாதுகாப்பு, மற்றதெல்லாம் பிறகு என்கிறார்கள் ஆண்கள்.

கதைக்கு அடிப்படை உண்மைச் சம்பவம். எம்பயர் சிங்க் நிறுவனத்துக்கு எதிராக 1950 அக்டோபரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 15 மாதம் நீடித்தது. 1951 ஜூனில் சங்கத்தார் மறியல் செய்ய நீதிமன்றம் தடை விதித்தது. தடை அவர்களுக்குத்தான், மனைவியருக்கு இல்லை. எனவே பெண்கள் மறியலில் இறங்கினார்கள். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. குழந்தைகளோடு சிறைக்குப் போனார்கள்.

ஆண்களிடம் வீட்டுவேலை வந்து சேர்ந்தது. துணி காயப்போடும்போதுதான் ரமோனுக்கு உறைக்கிறது: வெந்நீரும் சங்கத்தின் கோரிக்கைதான். ஆனாலும் பிறகு ஒருநாள் மனைவியை அடிக்கக் கை ஓங்குகிறான். முதலாளி உன்னைத் தாழ்த்துவதுபோல நீ என்னைத் தாழ்த்துகிறாய் என்பதுதான் அவளுடைய வாதம்.

இயக்குநர் ஹெர்பர்ட் பீபர்மன், எழுத்தாளர் மைக்கேல் வில்சன், தயாரிப்பாளர் பால் ஜாரிக்கோ மூவருமே ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். ரமோனாக நடித்தவர் உண்மையான சங்கத் தலைவர் ஹுவான் சாக்கோன். தொழிலாளர் குடும்பங்களிடம் திரைக்கதையைக் காட்டிக் கருத்துக் கேட்டுத் திருத்தினார்கள். எஸ்பெரான்சாவாக நடித்த மெக்சிக நடிகை ரோசௌரா ரெவுவெல்டாஸைப் படப்பிடிப்பின்போதே குடியேற்ற அதிகாரிகள் கைது செய்தார்கள். அவர் மெக்சிகோ திரும்ப வேண்டியதாயிற்று. படத்தைத் திரையிடப் பெரும்பாலான அரங்குகள் மறுத்தன. அதே படத்தை 1992இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

வேலைநிறுத்தம் முடிந்தபின் தொழிலாளர் வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் வந்தது. பல வீடுகளில் அடுப்படி வேலையும் பழையபடி பெண்கள் தலையிலேயே விழுந்தது. குழாயைக் கம்பெனியிடம் போராடி வாங்கிவிட்டார்கள். பாத்திரம் துலக்கும் முறையை வீட்டுக்குள் யாரிடம் போராடி மாற்றுவது? அந்தக் கேள்வி நமக்கும் புதிதல்ல.