திருடாமலே தண்டனை பெற்ற பிள்ளைகள்

ஸ்ரீரங்கம் ஏகாதசிக் கூட்டத்தில் நகை தொலைந்தால் எந்தத் தெருப் பையனைப் போலீஸ் முதலில் தேடும்? திருச்சியில் வளர்ந்த நமக்குப் பதில் தெரியும். ராம்ஜி நகர் என்ற ஊர்ப் பெயரையே பத்திரிகைகள் கொள்ளையருக்கு அடைமொழி ஆக்கிவிட்டனவே.

இந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1871இல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் பட்டியலில் ஏற்றப்பட்டன. அவர்களின் 6 வயதுக்கு மேல் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் சேர்க்க அரசுக்கு அதிகாரம் இருந்தது. பிள்ளை எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை, அங்கே பிறந்திருந்தால் போதும். இதே மாகாணம்தான் 1920இல் இந்தியாவிலேயே முதலாவதாகச் சிறுவர் சட்டம் இயற்றியது! யாருடைய சிறுவர்களுக்கு?

ரேகைச் சட்டம் இங்கே 1947இல் ஒழிந்தது. போலீஸ் பழக்கம் ஒழியவில்லை.

2015 சிறார் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகப் புகார் இல்லாவிட்டால், சாதாரணத் திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது. ஸ்டேஷனுக்குப் போகும் தோழர்களே, பையனின் வயதைக் காட்டும் பள்ளிச் சான்றிதழைக் கையோடு எடுத்துப் போங்கள்.