ஓடைக்குப் பேரு ஒண்ணா, மூணா?

போன பொங்கலுக்கு எலவனாசூர்கோட்டை போயிருந்தேன். தாத்தா நிலத்துக்கு மேற்கால ஒரு ஓடை உண்டு, மழைக்கு மட்டும் தண்ணி வரும். செல்போன்ல மேப்பைத் திறந்து பார்த்தா வெறும் நீலக்கோடு, பேர் இல்ல. நம்ம தொழில் புத்தி சும்மா இருக்குமா? "தாத்தா, இந்த ஓடைக்குப் பேரென்ன, போட்டுடறேன்"னேன். "எந்த இடத்துலடா?"ன்னு திருப்பிக் கேட்டார். ஏரிக்கு மேல அது நரியோடை, பாலத்துகிட்ட வண்ணாந்துறை, அதுக்குக் கீழே வெறும் ஓடை. எனக்கோ பேர் எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. முழிச்சேன்.

அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு இன்னும் விடல. அதன் விளைவே இந்தப் பதிவு, பொறுத்தருள்க.

முதல்ல எங்க ஊர் பேரையே எடுத்துக்குங்க. இங்க இருக்கிற சிவன் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர் பேர் இறையானரையூர். அது எப்படித் தேஞ்சு எலவனாசூர் ஆச்சுங்கறதுக்கு ஆளுக்கொரு கதை சொல்லலாம், நான் சொல்லப் போறதில்ல. சாமி பேர்தான் இன்னும் சுவாரசியம். கல்வெட்டில் ஊர்பாகங்கொண்டருளிய மகாதேவர். இன்னைக்கு கிராம அர்த்தநாரீஸ்வரர். ஊர் கிராமமாச்சு, பாகம் அர்த்தமாச்சு. யாரோ உட்கார்ந்து வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்த மாதிரி இருக்கா இல்லையா?

மலைக்கும் ஆத்துக்கும் இதே கதிதான். திருமுதுகுன்றம், பழமலை என்று தமிழில் அழகா இருந்தது விருத்தாசலம் ஆச்சு. அர்த்தம் என்னவோ அதேதான், கிழட்டு மலை. அந்த ஊரைத் தொட்டு ஓடுறது தேவாரத்து மணிமுத்தாறு. சுந்தரர் பொன்னைப் போட்டுட்டுத் திருவாரூர் குளத்துல எடுத்ததா சொல்ற ஆறு அதுதான். இப்போ அரசாங்கப் பலகையில் மணிமுக்தா. கல்வராயன் மலையில பிறந்து, கோமுகியையும் சேத்துக்கிட்டு வெள்ளாத்துல போய் விழுது.

இது மேலிருந்து வந்த மாற்றம். ஆனா பேரைக் கீழே இருந்து எழுதி வைக்கிற பழக்கமும் நம்மகிட்ட இருந்திருக்கு. சோழர் செப்பேடுகளில் ஒரு ஊரைத் தானம் கொடுக்கும்போது பெண் யானையை எல்லை சுத்தி நடக்க விட்டு, கல்லும் கள்ளியும் நட்டு, வழியில் வர்ற வாய்க்கால், வழி, மேடு எல்லாத்தையும் வரிசையா எழுதியிருக்காங்க. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேட்டிலும் இது இருக்கு. கூடவே உள்ளூர்க்காரங்க நடந்து காட்டியிருப்பாங்க. யானைக்கு வாய்க்கால் பேர் தெரியாதில்ல?

அடுத்து வெள்ளைக்காரன். 1802 ஏப்ரல் 10ந் தேதி பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் அடிக்கோடு அளக்க ஆரம்பிச்சார். முக்கோணம் முக்கோணமா நாட்டையே அளந்தாங்க, கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பேர்தான் மாட்டிக்கிச்சு. ல, ள, ழ மூணும் ரோமன் எழுத்தில் ஒண்ணாயிடும், குறில் நெடிலும் போயிடும். கல்வராயன்ல கிளாக்காடுன்னு ஒரு ஊர், கிளாச்செடியை வச்சு வந்த பேரா இருக்கணும். அதை ஆங்கிலத்துல எழுதி, ஊர் தெரியாத ஒருத்தர்கிட்ட கொடுத்துத் திருப்பித் தமிழ்ல எழுதச் சொல்லுங்க. கீழக்காடு, கிழக்காடுன்னு எது வேணா வரும். செடி போயே போச்சு. 2020ல தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப் பேர்களை உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத ஆணை போட்டு, எழுத்துக்கூட்டல் பத்தி வந்த சண்டையில சில நாள்லயே திரும்ப வாங்கிக்கிச்சு. அதிலும் ஊர்தான். ஓடைக்கு யார் ஆணை போடுவா?

மலைமேல கதையே வேற. மூணு ஜாகிர்தார் கையில இருந்த கல்வராயன் மலையை 1976 ஜூன் 25ல தான் அரசு எடுத்துக்கிச்சு. மட்டப்பாறை, வஞ்சிக்குழி, கல்படைன்னு அங்க ஊர்ப் பேரே பாறையும் குழியுமாத்தான் இருக்கு. நடந்தவன் வச்ச பேரு.

சரி, பேர் போனா என்ன குடியா முழுகிடும்? கொஞ்சம் முழுகும்தான். அ பதிவேட்டில் ஓடை புறம்போக்குன்னு இருந்தா நாளைக்கு யாராவது மண்ணைக் கொட்டினாலும் கேக்க ஒரு பிடி இருக்கு. அப்படி ஏறாத சின்ன ஓடைகளுக்குச் சாட்சி ஊர்க்காரங்க வாய்தான். "இங்க ஓடையே இல்லீங்க"ன்னு ஒருத்தன் சொல்லும்போது, பேர் தெரிஞ்ச கிழவர் ஒருத்தராவது உயிரோட இருக்கணும்.

இன்னொரு சாட்சி பழைய கிரயப் பத்திரம். அப்போ செக்குபந்தியில் "இன்ன ஓடைக்குக் கிழக்கு, இன்னார் புஞ்சைக்கு வடக்கு"ன்னு நாலு எல்லையும் பேரோட எழுதுவாங்க. சோழர் செப்பேட்டோட ஏழைப் பேரன்னு வச்சுக்கலாம்!

கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி தாத்தாவோட தகரப் பெட்டியைக் குடைஞ்சேன். அவங்க அப்பா பேர்ல மடிப்பு மடிப்பா கிழிஞ்ச ஒரு பத்திரம். அதே ஓடை, அதே நிலம். ஆனா செக்குபந்தியில் இருந்தது நரியோடையும் இல்ல, வண்ணாந்துறையும் இல்ல, நாலாவதா ஒரு பேரு. பாதி எழுத்தைப் பூச்சி தின்னுடுச்சு, கடைசியில "வாரி" மட்டும் தெளிவா இருக்கு. தாத்தா கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எங்க அப்பாவைத்தாண்டா கேக்கணும்"னார்.