காணாத நிலவறைக்கு உருவம் தந்த கைகள்

பாத்திரமேற்பு விளையாட்டு என்று இன்று வழங்கப்படும் பொழுதுபோக்கில், சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனை மாந்தராகத் தம்மைப் பாவித்துக்கொண்டு, நடுவர் ஒருவர் விவரிக்கும் உலகில் தாம் செய்யப்போவதை வாயால் சொல்ல, அது கைகூடியதா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. 1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, அதாவது நிலவறைகளும் டிராகன்களும், என்ற பெயரில் இவ்வகை விளையாட்டு முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதை ஆடப் பலகை வேண்டியதில்லை, காய்கள்கூடக் கட்டாயமில்லை. ஆட்டம் முழுவதும் சொல்லிலும் கேட்போரின் மனத்திலும் நிகழ்கிறது. இதன் வரலாறு பேசப்படும்போது விதிகளை வகுத்தவர்களே முன்னால் நிற்பது இயல்புதான் எனினும், கண்முன் எதுவும் இல்லாத ஓர் ஆட்டத்தில் எதை மனத்தில் காண வேண்டும் என்று கற்றுக்கொடுத்த சித்திரக்காரர்களை விட்டுவிட்டால் அவ்வரலாறு பாதியாகவே நின்றுவிடும்.

கண்ணுக்குத் தெரியாததை வைத்து விளையாடும் எண்ணம் போர்ப் பயிற்சியிலிருந்து வந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரைத் தாங்கி இந்தியாவில் தோன்றி, பாரசீகமும் அரபு நாடுகளும் கடந்து ஐரோப்பாவை அடைந்த சதுரங்கத்தை, 1780இல் பிரௌன்ஷ்வைக் நகரத்து யோஹான் ஹெல்விக் என்பவர், கட்டங்களைப் பெருக்கி, ஆறும் மலையும் சதுப்பும் தெரியும்படி அவற்றுக்கு நிறமிட்டு, போர்க்கலை கற்பிக்கும் கருவியாக்கினார். ஆயினும் அதில் இரு தரப்பும் எல்லாக் காய்களையும் எந்நேரமும் கண்டுகொண்டிருந்தன; உண்மைப் போரில் எந்தத் தளபதிக்கும் அந்த வசதி கிடைப்பதில்லை. பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் மன்னருக்குக் காட்டிய மேசை விளையாட்டைச் செம்மைப்படுத்தி, படை அதிகாரியாக இருந்த அவருடைய மகன் 1824இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’, அதாவது போர் விளையாட்டு, இக்குறையைத் தீர்த்தது. அதில் ஆட்டக்காரர்கள் தம் ஆணைகளை எழுதி நடுவரிடம் கொடுத்தனர். நடுவர் நிலப்படத்தின் மீது படைகளை நகர்த்தி, எந்தத் தரப்பின் கண்ணுக்கு எட்டக்கூடியது எதுவோ அதை மட்டும் அத்தரப்புக்குக் காட்டி, மோதலின் முடிவைப் பகடையால் அறிவித்தார். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் படைத்தலைவர், தடித்த விதி அட்டவணைகளைக் கைவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று வாதிட்டார். நூறாண்டுகளுக்குப் பின் நிலவறை ஆட்டத்தின் நடுவர் செய்யப்போகும் வேலையின் இலக்கணம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

படைமுகாமிலிருந்து அவ்விளையாட்டு வீட்டுக் கூடத்துக்கு வந்த கதையை நீட்ட வேண்டியதில்லை. ஈயச் சிப்பாய்களை வைத்து ஆடுவதற்கு எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ஒரு விதிநூல் எழுதினார். 1958இல் அவலான் ஹில் நிறுவனம் தோன்றி, அட்டைப் பலகையில் ஆடும் போர் விளையாட்டுகளை அமெரிக்கா முழுவதும் பரப்பியது. இவற்றில் ஆட்டக்காரர் எப்போதும் ஒரு படையாகவே இருந்தார். ஆயிரம் பேர் மடிந்தாலும் அவர் மனம் கலங்க வேண்டியிருக்கவில்லை.

படை, தனி மனிதனாகச் சுருங்கிய நிகழ்வு 1969இல் மின்னியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகர்களில் நடந்தது. டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் ஒன்றை நடத்த முற்பட்டு, ‘பிரௌன்ஸ்டைன்’ என்ற கற்பனை நகரைக் களமாக்கி, படைத்தலைவர்களோடு நகரத் தலைவர், வங்கிக்காரர், பல்கலைக்கழக வேந்தர் முதலிய பாத்திரங்களையும் நண்பர்களுக்குப் பங்கிட்டார். போர் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் மூலைக்கு மூலை ஒதுங்கி இரகசியம் பேசவும், பேரம் நடத்தவும், ஒருவரையொருவர் துவந்த யுத்தத்துக்கு அழைக்கவும் தொடங்கினர். விதிகள் எதற்கும் இடமளிக்காத இக்குழப்பத்தைக் கண்டு ஆட்டம் தோற்றதென்றே வெஸ்லி கருதினார். ஆனால் ஆடியவர்கள் மறுபடியும் எப்போது என்று கேட்டனர். ஒரு விளையாட்டின் வரலாற்றில் நடத்தியவரைவிட ஆடியவர்கள் அதன் பெருமையை முன்னதாக உணர்ந்த அரிய தருணம் இது.

அவ்வாறு கேட்டவர்களுள் டேவ் ஆர்னசன் என்னும் கல்லூரி மாணவரும் ஒருவர். 1971இல் அவர் அதே முறையை இடைக்காலக் கற்பனை உலகுக்கு மாற்றி, ‘பிளாக்மூர்’ என்ற ஊரையும், அதன் கோட்டைக்கு அடியில் அடுக்கடுக்காக இறங்கும் நிலவறைகளையும் படைத்தார். நிலவறை என்னும் களம் நடுவருக்கு வாய்த்த வரம்; திறந்த நாட்டில் ஆட்டக்காரர் எத்திசையிலும் போய்விடக்கூடும், சுவருக்குள்ளோ அடுத்த கதவுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் நடுவர் அறிந்திருந்தால் போதும், அதையும் கதவு திறக்கும்வரை சொல்ல வேண்டியதில்லை. ஒரே அடியில் பாத்திரம் இறந்துவிடுவதை ஆட்டக்காரர்கள் பொறுக்கமாட்டாததால், கவசத்தின் வலிமைக்கு ஓர் எண்ணும், உயிர்ப்புள்ளிகள் என்று சொல்லத்தக்க, அடிபட அடிபடக் குறையும் மற்றோர் எண்ணும் புகுத்தப்பட்டன. அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கப்பல்களுக்காகத் தாம் எழுதியிருந்த விதிகளிலிருந்தே இவற்றை எடுத்ததாக ஆர்னசன் பின்னாளில் கூறினார். பிழைத்து மீண்ட பாத்திரம் அடுத்த வாரம் அதே பெயரோடும் கூடுதல் வல்லமையோடும் திரும்பி வந்தது. ஆட்டம் ஒரே இரவில் முடிந்துவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடரும் கதையாக மாறிய இடம் இதுவே.

லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் 1968இல் அவ்வூர்த் தோட்டக்கலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ‘ஜென் கான்’ என்ற விளையாட்டு மாநாட்டை நடத்தத் தொடங்கியவர். மறு ஆண்டு மாநாட்டில்தான் ஆர்னசனும் அவரும் அறிமுகமாயினர். காப்பீட்டு நிறுவன வேலையை இழந்தபின் காலணி பழுதுபார்த்துக் குடும்பம் நடத்திய கைகாக்ஸ், 1971இல் ஜெஃப் பெரனுடன் சேர்ந்து ‘செயின்மெயில்’ என்னும் இடைக்காலப் போர் விதிநூலை வெளியிட்டார். மந்திரவாதிகளும் டிராகன்களும் இடம்பெற்ற அதன் பின்னிணைப்பை ஆர்னசன் தம் ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார். 1972இல் ஆர்னசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து பிளாக்மூரை ஆடிக்காட்டியதும், கைகாக்ஸ் தம் பிள்ளைகளை முதல் ஆட்டக்காரர்களாகக் கொண்டு ‘கிரேஹாக்’ என்ற சொந்த நிலவறையைத் தொடங்கி, ஆர்னசனின் குறிப்புகளையும் தம் சொந்தச் சேர்க்கைகளையும் கோத்து நூலாக்கினார். வெளியிட யாரும் முன்வராததால் 1973 அக்டோபரில் கைகாக்ஸும் பால்ய நண்பர் டான் கேயும் ஆளுக்கு 1,000 டாலர் போட்டு ‘டேக்டிகல் ஸ்டடிஸ் ரூல்ஸ்’ என்ற நிறுவனத்தை, சுருக்கமாக டி.எஸ்.ஆரை, தொடங்கினர், பிறகு பிரையன் புளூம் 2,000 டாலருடன் சேர்ந்த பின்னரே அச்சுக்கூலிக்கு வழி பிறந்தது. மரப்பலகை போலத் தோன்றும் தாள் ஒட்டிய பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள், விலை 10 டாலர், 1,000 பிரதிகள். பெட்டிகளைக் கையாலேயே அடுக்கி நிரப்பி விற்றனர். விளையாட்டின் ஆக்கத்தில் ஆர்னசன், கைகாக்ஸ் இருவருள் யாருடையது பெரும்பங்கு என்ற வழக்கு 1979இல் நீதிமன்றம் சென்று 1981இல் சமரசத்தில் முடிந்தது. ஒருவர் கண்ட புதுமையை மற்றவர் எழுதி முடித்தார் என்பதே இரு தரப்புக்கும் நியாயமான தீர்ப்பாகத் தோன்றுகிறது.

இவ்விளையாட்டின் அடையாளமாகிவிட்ட பகடையைச் சற்றே கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட இப்பகடைகள் கணித ஆசிரியர்களுக்கான பள்ளிப் பொருள் பட்டியலிலிருந்து வரவழைக்கப்பட்டவை. எல்லா முகங்களும் ஒரே ஒழுங்குப் பலகோணமாகவும் எல்லா முனைகளும் ஒத்தும் இருக்கும் குவிந்த வடிவங்கள் வடிவியலில் ஐந்தே ஐந்துதான் என்று மாணவருக்குக் காட்டுவதே அவற்றின் பயன். இருபது முகப் பகடையில் அன்று 1 முதல் 20 வரை எண்கள் இருக்கவில்லை. 0 முதல் 9 வரை இருமுறை செதுக்கப்பட்டிருந்தன. வாங்கியவர்கள் மெழுகு வண்ணக்குச்சியை எண்களின் பள்ளத்தில் அழுத்தித் தேய்த்து, ஒரு பாதிக்கு ஒரு நிறமும் மறுபாதிக்கு வேறு நிறமும் ஏற்றி, இரண்டாம் நிறத்து 3 விழுந்தால் 13 என்று எண்ணிக்கொண்டனர். மென்மையான பிளாஸ்டிக் என்பதால் சில மாத ஆட்டத்திலேயே முனைகள் தேய்ந்து, பகடை கூழாங்கல்லைப் போல உருளத் தொடங்கியது.

இவ்விளையாட்டின் கற்பனை உலகுக்கான சரக்கு பல இடங்களிலிருந்து வந்தது. 1960களின் நடுவில் மலிவுப் பதிப்பாக அமெரிக்கக் கல்லூரிகளைப் பிடித்துக்கொண்ட டோல்கீனின் நாவல்கள், ராபர்ட் ஈ. ஹோவர்டின் கோனன் கதைகள், ஃபிரிட்ஸ் லைபரின் இரு திருட்டு வீரர்கள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மந்திரத்தை மனப்பாடம் செய்து ஒருமுறை ஏவியதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும் என்ற விசித்திர விதி ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து வந்தது. டோல்கீனின் படைப்புரிமை கொண்டோர் எதிர்த்ததால் ‘ஹாபிட்’ என்ற பெயர் நீக்கப்பட்டு ‘ஹாஃப்லிங்’ ஆயிற்று. சில பூதங்களுக்கோ நூல் மூலமே கிடையாது. ஹாங்காங்கில் வார்க்கப்பட்டு மலிவுக் கடைகளில் பையோடு விற்ற பிளாஸ்டிக் விலங்குகளை, இன்னதென்று சொல்ல முடியாத அவற்றின் உருவத்தைக் கண்டு, கைகாக்ஸ் இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணியாகவும் ஆந்தைத் தலைக் கரடியாகவும் ஆக்கினார். பெயரில்லாத பொம்மை முதலில் கண்ணுக்குப் பட்டது, கதையும் விதியும் அதன் பின்னால் வந்தன. இவ்விளையாட்டில் உருவம் சொல்லை முந்திய இடங்களுள் இது ஒன்று.

சித்திரங்களின் தொடக்கம் எளியது, சில இடங்களில் கூச்சத்துக்குரியதும்கூட. முதல் பெட்டியின் மேலிருந்த, குதிரை முன்னங்கால் தூக்கி நிற்க வாளோங்கிய வீரனின் படம், 1968இல் வெளிவந்த மார்வெல் காமிக் ஒன்றின் கட்டத்தைப் பார்த்து கிரெக் பெல் என்னும் இளைஞர் வரைந்தது. மற்றவையும் பயிற்சியற்ற கைகளின் கோடுகளே. ஆயினும் அக்கோடுகளில் ஓர் அழைப்பு இருந்தது. இப்படித் தம்மாலும் வரைய முடியும், இப்படியோர் உலகைத் தம்மாலும் படைக்க முடியும் என்ற துணிவை வாங்கியவருக்குக் கொடுத்தது அந்தக் கரடுமுரடுதான்.

1977இல் வெளியான ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்னும் பூத அகராதி, 350க்கு மேற்பட்ட உயிரினங்களை அகரவரிசையில் அடுக்கிய தடித்த அட்டை நூல். வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்த டேவிட் சதர்லாண்ட் அதன் அட்டையில் நிலத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். மேலே வெயிலும் வானில் பறக்கும் டிராகனும், கீழே மண்ணுக்கடியில் குகைகளில் பதுங்கிய பிராணிகளும். தரைக்கு மேல் ஓருலகம், கீழே மறைந்து மற்றோர் உலகம் என்ற விளையாட்டின் அடிப்படையை அந்த ஒரே படம் சொல்லிவிட்டது.

அவ்வகராதிக்குப் படம் வரைந்த மற்றொருவர் டேவிட் டிராம்பியர். 1978இல் வெளிவந்த ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ நூலின் அட்டைக்கு அவர் தீட்டிய ஓவியம் இக்கலையின் சிகரம் என்றால் மிகையாகாது. பிரம்மாண்டமான கொம்புச் சிலை ஒன்றின் தோள்மேல் ஏறிய இருவர் அதன் கண்ணிலுள்ள இரத்தினத்தை நெம்பிக்கொண்டிருக்க, கீழே ஒருவன் வாளைத் துடைக்கிறான், சிலர் வரைபடத்தை வைத்து யோசனை செய்கிறார்கள், வெட்டுண்ட பல்லி மனிதர்களின் உடல்கள் இழுத்து அகற்றப்படுகின்றன. போர் முடிந்துவிட்டது, ஓங்கிய வாள் ஒன்றுகூட இல்லை. வேறெந்த நூலட்டையும் சண்டையை வரைந்திருக்கும் இடத்தில், சண்டைக்குப் பிந்தைய வேலையையும், கலந்தாலோசனையையும், இனி என்ன நேருமோ என்ற எதிர்பார்ப்பையும் டிராம்பியர் வரைந்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவோர் உண்மையில் பெரும்பொழுது செய்வதும் அதுதான்.

1966 முதல் கோனன் நூல்களின் அட்டைகளில் ஃபிராங்க் ஃபிரசெட்டா தீட்டிய வன்மையான எண்ணெய் வண்ணச் சித்திரங்களின் வழியில், 1981இல் சேர்ந்த லாரி எல்மோரும், அவரைத் தொடர்ந்து ஜெஃப் ஈஸ்லி, கிளைட் கால்டுவெல், கீத் பார்க்கின்சன் ஆகியோரும் டி.எஸ்.ஆரின் ஓவியத்தைத் தொழில் தரத்துக்கு உயர்த்தினர். 1983இல் வந்த சிவப்புப் பெட்டியில் எல்மோர் தீட்டிய செந்நிற டிராகன், முதுகைக் காட்டி நிற்கும் ஒரு வீரனை எதிர்கொள்கிறது. வீரன் நமக்குப் புறங்காட்டி நிற்பதால், பெட்டியைக் கையில் எடுத்த சிறுவன் அவன் நின்ற இடத்திலேயே தன்னை நிறுத்திக்கொண்டான். நேர்த்தி கூடியது உண்மை; ஆனால் பழைய கருமைக் கோடுகளில் இருந்த இருளும் விநோதமும் அந்தப் பளபளப்பில் குறைந்துபோயின என்பதும் உண்மை.

1980களில் இவ்விளையாட்டு பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்ற பீதி அமெரிக்காவில் பரவியதையும், அதற்கு அஞ்சி 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அசுரர்களின் பெயர்கள் மாற்றப்பட்டதையும், 1985இல் கைகாக்ஸ் தம் நிறுவனத்தின் ஆட்சியை இழந்ததையும், 1997இல் டி.எஸ்.ஆர். ‘விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்’ கைக்கும், 1999இல் அந்நிறுவனம் ஹாஸ்புரோ கைக்கும் மாறியதையும் பிற நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. கைகாக்ஸ் 2008இலும் ஆர்னசன் 2009இலும் காலமானபோது உலகின் பல பத்திரிகைகள் அஞ்சலி எழுதின.

டிராம்பியரின் முடிவு வேறுவிதமானது. ‘டிராகன்’ இதழில் ‘வோர்மி’ என்ற சித்திரத் தொடரை ஆண்டுக்கணக்கில் வரைந்துவந்த அவர், 1988இல் கதை பாதியில் நிற்க, யாரிடமும் சொல்லாமல் அத்துறையை விட்டு மறைந்தார். இறந்துவிட்டார் என்றே பலர் நம்பினர். 2002இல் இல்லினாய் மாநிலத்தின் கார்பண்டேல் நகரத்து மாணவர் நாளிதழ் ஒன்று வாடகைக் கார் ஓட்டுநர்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் அவருடைய பெயரும் படமும் இருந்தன. தேடி வந்த அன்பர்களிடம் பழைய தொழிலைப் பற்றிப் பேச அவர் பல ஆண்டுகள் இணங்கவில்லை. கடைசியில் உள்ளூர் விளையாட்டு விழா ஒன்றில் தம் மூலச் சித்திரங்களைக் காட்சிக்கு வைக்க இசைந்து, அவ்விழாவுக்குச் சில வாரங்களே இருக்கையில், 2014 மார்ச்சில் இறந்துபோனார்.