சுகர் திரும்பி வந்த பிறகு

1995-ல் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில், கிரீன்வில் என்ற ஊரிலிருந்து வால்டர் போரீஸ் என்கிற சர்ஜன் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பே 'யார்தான் நினைத்திருப்பார்கள்?' என்றுதான் தொடங்கும். மருத்துவ இதழ்களில் இப்படி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற தலைப்புகள் அபூர்வம். ஆனால் மனுஷன் ஆச்சரியப்பட்டதில் நியாயம் இருந்தது. 14 ஆண்டுகளில் அவரது குழு 608 பேருக்கு இரைப்பை பைபாஸ் செய்திருந்தது. எல்லோரும் உடல் எடைக்காக வந்தவர்கள். அவர்களில் டைப் 2 சுகர் இருந்த 146 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், 121 பேருக்கு ரத்தச் சர்க்கரை சாதாரண அளவிலேயே நின்றிருந்தது. எடை இறங்குவதற்கு முன்பே, ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே பலருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்பதுதான் பெரிய புதிர்.

இந்த ஆபரேஷன் சுகருக்காகப் பிறந்ததே இல்லை. அல்சருக்காக இரைப்பையில் பாதியை வெட்டியெடுத்தவர்கள் மெலிந்துபோவதைக் கவனித்துத்தான், 1966-ல் அயோவாவில் எட்வர்ட் மேசன் பைபாஸைத் தொடங்கினார். சாப்பாடு குறைவது ஒரு பக்கம். உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால், இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 ஹார்மோன் கூடுதலாகச் சுரப்பது இன்னொரு பக்கம். எடை குறைக்க இன்று எல்லோரும் பேசுகிற ஊசிகள் போலச் செய்வது இதே ஹார்மோனைத்தான்.

சரி, எவ்வளவு காலம் தாங்கும்? இதற்குப் பதில் தேடப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை சுவீடனுக்கு இருந்தது. 1987-ல் தொடங்கிய ஆய்வு அது. ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேர், வழக்கமான சிகிச்சையில் இருந்த 2,037 பேர். யாருக்கு ஆபரேஷன் என்று சீட்டுக் குலுக்கிப்போட நெறிமுறைக் குழுக்கள் சம்மதிக்கவில்லை. அந்தக் காலத்தில் இந்த ஆபரேஷன்களில் உயிர்ப்பலி அவ்வளவு. அதனால் விருப்பப்பட்டவர்களுக்குச் செய்து, அவர்களைப் போன்றவர்களோடு ஒப்பிட்டார்கள். ஆய்வின் பலவீனமும் அதுதான்.

சுகர் பற்றிய முடிவு 2014-ல் வந்தது. இரண்டாம் ஆண்டில், ஆபரேஷன் செய்துகொண்ட சுகர்க்காரர்களில் 72 சதவீதம் பேர் அதிலிருந்து விடுபட்டிருந்தார்கள். பதினைந்தாம் ஆண்டில் 30 சதவீதம். மற்ற தரப்பில் 16 சதவீதம் 6.5 ஆகியிருந்தது.

கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு, முதல் வாசிப்பில் இது தோல்வியாகத்தான் பட்டது. சரிசெய்த பக் திரும்பி வந்தால் அது சரியாகவில்லை என்றுதானே அர்த்தம்! இரைப்பையும் நரம்பும் வேறு கணக்கில் ஓடுகின்றன. அதே ஆய்வில் கண், சிறுநீரகம், நரம்பைத் தாக்கும் நுண்குழாய்ப் பாதிப்புகள், ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 41.8 என்பதிலிருந்து 20.6 ஆகக் குறைந்திருந்தன. பாதி. சுகர் திரும்பி வந்தது உண்மை. அது வெளியூர் போயிருந்த வருஷங்களில் விழித்திரை தப்பித்ததும் உண்மை. சுகர் வந்து அதிகக் காலம் ஆகாதவர்களுக்கே பலன் நீடித்தது. கணையம் களைத்த பிறகு போனால் குடலை மாற்றித் தைத்தும் பெரிதாகப் பயனில்லை.

இதற்கு விலையும் உண்டு. பைபாஸ் செய்தவர்கள் இரும்புச்சத்து, பி12 மாத்திரைகளை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும்.

'குணம்' என்று சொல்ல மருத்துவர்களுக்கு இன்னும் நாக்கு எழவில்லை. 2021-ல் நிபுணர்கள் கூடி 'தணிவு' என்ற பொருள்படும் சொல்லையே தேர்ந்தார்கள். சர்க்கரை மருந்தை நிறுத்தி 3 மாதம் கழித்தும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் தணிவு. அதற்கப்புறமும் வருஷாவருஷம் டெஸ்ட் எடுக்கணும், கண்ணையும் பாதத்தையும் காட்டணும்.