அபிலீன் (கான்சாஸ்)
அபிலீன், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருப்புப்பாதையால் மாட்டுச் சந்தையாக வளர்ந்த சிற்றூர். 1867இல் பாதை வந்தபோது மண்கூரை வேய்ந்த சில மரக்குடில்களே இருந்தன. ஊரை வளர்த்தது ரயில் மட்டுமே என்பது பாதி உண்மை. அதே தடத்திலிருந்த பிற ஊர்கள் இவ்வாறு எழவில்லை. வணிகர் ஜோசப் மெக்காய் பாதையோரம் கட்டிய பட்டிகளே டெக்சாஸ் மந்தைகளை இங்கு திருப்பின. இங்கிருந்து மாடுகள் சரக்குப் பெட்டிகளில் சிகாகோ சென்றன. ரயில் இன்றி மெக்காயின் முயற்சி பலித்திராது என்ற மறுப்பு சரியே; ஆயினும் ரயில் வாய்ப்பை மட்டுமே தந்தது. டெக்சாஸ் மாடுகளின் உண்ணிகள் பரப்பிய காய்ச்சலில் உள்ளூர்க் கால்நடைகள் மடிந்தன, பயிர்கள் மிதிபட்டன. 1872இல் உழவர்கள் மந்தைகளை வரவேண்டாமெனத் தடுத்தனர். தண்டவாளம் அப்படியே இருக்க, மாட்டு வணிகம் வேறு ஊர்களுக்குப் போயிற்று. குளிர்காலக் கோதுமை அவ்விடத்தைப் பிடித்தது.